பங்குக் கிணற்றில் விழுந்த ஆடு

எங்கள் ஊரில் பங்குனி மாதத்தில் ஐஸ் இருக்கும் இடம் இரண்டுதான். ஒன்று கரும்புச்சாறு வண்டி, இன்னொன்று மீன் கடை. மனிதர்களுக்கு நடுவிலும் ஐஸ் இருக்கிறது, அதை உடைத்தால்தான் நாலு பேர் சேர்ந்து ஒரு காரியம் பார்க்க முடியும் என்று சொல்வதற்குச் சென்னையிலிருந்து ஒரு மேடம் வரவேண்டியிருந்தது.

நாமகிரிப்பேட்டை மஞ்சளுக்குப் பேர்போன ஊர். செவ்வாய்க்கிழமை ஏலத்தில் விரலி, உருண்டை, பனங்காளி என்று மூட்டைகள் ரகம் ரகமாகப் பிரிந்து உட்கார்ந்திருக்கும். அவற்றுக்குப் பின்னால் நாங்களும் அப்படியே பிரிந்து உட்கார்ந்திருப்போம். தனித்தனியாக விற்று என்னத்தைக் கண்டோம், எல்லாரும் சேர்ந்து ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கினால் என்ன என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள். டீ ஆறுவதற்குள் அது இரண்டு நாள் பயிற்சி முகாமாக வளர்ந்துவிட்டது. சட்டப்படி பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் நிறுவனம் தொடங்கலாம். அந்தப் பத்துப் பேரும் ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தையில் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் மேடம்.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். ஒன்றரை ஏக்கர் மஞ்சள் உண்டு. ஏக்கர் கணக்கில் பார்த்தால் தமிழ் அதைவிட அதிகம். மகசூல்தான் இரண்டிலும் சுமார்.

கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் இருபத்திரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். பார்த்தவுடனே எங்களுக்குப் பகீரென்றது. வரிசையாகப் போட்டால் கடைசி வரிசை என்று ஒன்று இருக்கும். வட்டத்தில் கடைசி வரிசை கிடையாது. தூங்க முடியாது. அதோடு விட்டாரா என்றால் இல்லை. எங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லி, சேர்ந்து வந்தவர்களைப் பிரித்து, மாற்றி மாற்றி உட்காரவைத்தார். “தெரிஞ்சவங்க பக்கத்துலயே உட்கார்ந்தா புதுப் பழக்கம் எப்படி வரும்?” என்றார். எங்கள் ஊரில் தெரியாதவர் பக்கத்தில் உட்கார வேண்டுமானால் வெளியூர் பஸ் ஏற வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. அவர் எண்ணிய எண்ணிக்கையில், ஒன்பது வருடமாக முகம் பார்த்துப் பேசாத பங்காளிகள் இருவர் எட்டாம் நாற்காலியிலும் ஒன்பதாம் நாற்காலியிலும் வந்து விழுந்தார்கள். கூடத்தில் எல்லாரும் அதைக் கவனித்தோம். மேடம் மட்டும் கவனிக்கவில்லை.

“முதல்ல ஐஸை உடைச்சிடலாமா?” என்றார் மேடம் உற்சாகமாக.

மேடத்துக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த ஆயா சட்டென்று முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டார். “எனக்கு வேண்டாம் கண்ணு. சளி புடிச்சுக்கும்.”

ஆயாவுக்கு விளக்கிச் சொல்லி முடிக்கவே பத்து நிமிடம் ஆனது. பிறகு விளையாட்டை விளக்கினார். வட்டமாக உட்கார்ந்து எல்லாரும் சேர்ந்து ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு வாக்கியம். முன்னவர் சொன்னதை மறுக்கக் கூடாது. ‘ஆனா’ என்று தொடங்கவே கூடாது, ‘அப்புறம்’ என்றுதான் தொடங்க வேண்டும்.

எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது. ‘ஆனா’வைத் தடை செய்தால் எங்கள் ஊரில் கல்யாணப் பேச்சு, பாகப்பிரிவினை, மஞ்சள் ஏலம் மூன்றும் அன்றைக்கே நின்றுபோகும்.

பேசுகிறவர் கையில் ஒரு பந்து இருக்க வேண்டுமாம். பந்தை மேடம் மறந்துவிட்டு வந்திருந்தார். மூலையில் யாரோ மாதிரிக்குக் கொண்டுவந்து வைத்திருந்த மஞ்சள் பை இருந்தது. அதிலிருந்து தடியான விரலி ஒன்றை எடுத்து, “இதுதான் மைக். இது கையில இருக்கிறவங்க மட்டும்தான் பேசணும்” என்றார். மஞ்சள்காரர்கள் இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரு விரலியைக் கையில் கொடுத்துவிட்டுக் கதை சொல்லச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவர் யோசிக்கவில்லை.

மேடமே தொடங்கிவைத்தார். “ஒரு நாள் ஒரு ஆட்டுக்குட்டி வழி தெரியாம காட்டுக்குள்ள போயிடுச்சு.”

“யாரு காட்டுக்குள்ள?” என்றார் ஆயா.

மேடம் மனதில் இருந்த காட்டில் மானும் சிங்கமும் இருந்தன. எங்களுக்குக் காடு என்றால் மானாவாரி நிலம். “ஏதோ ஒரு காடு பாட்டி” என்றார் மேடம்.

“ஏதோ ஒரு காடுன்னு ஒண்ணு உண்டா? பட்டா இல்லாத காடு ஏது கண்ணு? அடுத்தவன் காட்டுல ஆடு மேஞ்சா சண்டை வருமில்ல?”

ஆயாவின் முறை வட்டத்தில் கடைசி. அதுவரை பேசக் கூடாது என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்ட பிறகு, விரலி வலப்பக்கம் போனது.

முதல் நாற்காலிக்காரர் கதைக்குப் போகுமுன் விரலியை முகர்ந்தார், நகத்தால் கீறினார். “இன்னும் ரெண்டு காய்ச்சல் காயணும்” என்றார். பிறகுதான் ஆடு ஞாபகம் வந்தது. “அப்புறம் அது மரவள்ளித் தழையைத் தின்னு செத்துப்போச்சு.”

கதை இரண்டாம் வாக்கியத்திலேயே முடிந்துவிட்டது. அவர் சொன்னது உண்மைதான். மரவள்ளித் தழையில் விஷம் உண்டு, வயிறு முட்டத் தின்ற ஆடு பிழைப்பது கஷ்டம். உண்மையைச் சொன்னவரை மறுக்கக் கூடாது என்பது விதி. மேடம் திகைத்து நின்றார். ஆட்டைக் காப்பாற்றியவர் இரண்டாம் நாற்காலியில் இருந்த மகளிர் குழு அக்கா. “அப்புறம் அது எந்திரிச்சிருச்சு. ஏன்னா அது குழுக் கடன்ல வாங்குன ஆடு. இன்னும் ஆறு தவணை பாக்கி இருக்குது.”

கடனை அடைக்காமல் சாக முடியாது என்பதை எல்லாரும் ஏற்றுக்கொண்டோம்.

கோழிப்பண்ணைத் தம்பி அந்த ஆட்டைத் தன் பண்ணைக்கு ஓட்டிப்போய் முட்டை விலையைச் சொல்லி அழவைத்தார். அடுத்தவர் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். ஒரே மூச்சில் ஆட்டை நாக்பூருக்கு ஏற்றிவிட்டார். அதற்கடுத்தவர் அதற்கு அங்கே ஒரு தாபாவில் ரொட்டி வாங்கிக் கொடுத்தார். தவணைத் தேதி நெருங்கியதால் ஆடு திரும்ப வேண்டியதாயிற்று. திரும்புகிற வழியில், ஆத்தூரில் ஒரு லோடு இறக்கிவிட்டு வரும்போது, மெட்டாலா ஆஞ்சநேயர் கோயிலருகே ஒரு குரங்கு ஆட்டின் கழுத்துக் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு மரமேறியது. ஒவ்வொருவரும் பேசுவதற்கு முன் விரலிக்கு ஒரு மதிப்பீடு சொன்னார்கள். “வேக்காடு பரவால்ல.” “பாலிஷ் பத்தாது.” ஆறேழு கை மாறுவதற்குள் அதன் விலை நாலு முறை ஏறி மூன்று முறை இறங்கியிருந்தது.

விரலி எட்டாம் நாற்காலிக்கு வந்தது. பெரிய பங்காளி. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அப்புறம் ஆடு ஒருத்தன் தோட்டத்துல நொழைஞ்சது. நொழையறதுக்குத் தடுக்கி விட ஒரு வரப்புகூட இல்ல. ஏன்னா அந்த வரப்பை ஒன்பது வருசத்துக்கு முன்னாடியே ஒருத்தன் ஒரு முழம் தள்ளிப் போட்டுட்டான்.”

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் விரலியைச் சின்னப் பங்காளி கையில் கொடுக்கவில்லை. நடுவில் இருந்த நாற்காலிக் கையின் மேல் வைத்தார்.

“ஆனா…” என்றார் சின்னவர் சிவந்துபோய்.

“சார், ஆனா சொல்லக் கூடாது. அப்புறம் மட்டும்தான்” என்றார் ஒன்றும் அறியாத மேடம்.

நான் முப்பத்து மூன்று வருடம் தமிழ் இலக்கணம் நடத்தியிருக்கிறேன். ஓர் இடைச்சொல் இல்லாமல் ஒரு மனிதன் இவ்வளவு அவதிப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்த வெறியில் சின்னவர் கையிலிருந்த விரலியை முறித்தார். டக்கென்று கேட்டது. முறித்த கை, பழக்கதோஷம், உள்நிறம் பார்ப்பதற்காக வெளிச்சத்துப் பக்கம் திரும்பியது. பெரியவர் கழுத்தும் தன்னையறியாமல் திரும்பியது. உள்ளே நல்ல ஆரஞ்சு நிறம்.

“நல்ல நெறம்” என்றார் பெரியவர்.

“நம்ம கெணத்துத் தண்ணி மாதிரி ஒரு தண்ணியில வெளைஞ்சிருக்கும்” என்றார் சின்னவர்.

ஒன்பது வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. பேசிவிட்டோம் என்று தெரிந்ததும் இருவரும் எதிரெதிர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஐஸ் உடைந்ததா என்று எனக்குத் தெரியாது. மஞ்சள் உடைந்தது. சின்னவர் மெல்லத் தன் வாக்கியத்தை முடித்தார்: “அப்புறம் அந்த ஆடு பங்குக் கெணத்துல விழுந்துருச்சு.”

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சிகாகோவில் வயோலா ஸ்போலின் என்ற அம்மையார் இருந்தார். பல நாடுகளிலிருந்து குடியேறி வந்தவர்களின் பிள்ளைகளுக்கு விளையாட்டு வழியாக நாடகம் கற்றுக்கொடுத்தவர். அந்த விளையாட்டுகளை 1963-இல் புத்தகமாகவும் போட்டார். இன்றைய பயிற்சி முகாம்களில் ஆடப்படும் பல ஆட்டங்களுக்கு அந்தப் பக்கத்தில்தான் பூர்வீகம். அங்கே பிரச்சினை, ஒருவரைப் பற்றி ஒருவருக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் பிரச்சினை, எல்லாம் தெரியும். தாத்தா காலத்துப் பாகப்பிரிவினையில் யாருக்கு எந்த அண்டா போனது என்பது வரை தெரியும். தெரியாததைப் பேசவைப்பது சுலபம். தெரிந்ததைப் பேசாமல் வைத்திருப்பவர்களைப் பேசவைக்க ஓர் ஆடு தேவைப்படுகிறது. வரப்பு என்று நேரே சொன்னால் சண்டை. ஆடு வரப்பைத் தாண்டியது என்றால் கதை.

இப்படியெல்லாம் நான் ஆழமாக யோசித்தது அன்று சாயங்காலம். அந்த நேரத்தில் நான் ஒன்றும் யோசிக்கவில்லை, எதையும் சரியாகக் கேட்கவும் இல்லை. என் நாற்காலி பதினாலாவது. ஊரில் தமிழ்வாத்தியார் என்று ஒருவன் உட்கார்ந்திருக்கும்போது அவன் வாக்கியம் மற்றவர்கள் வாக்கியம் போல இருக்கலாமா? பங்காளிகள் பேச்சு முடிந்ததிலிருந்து நான் மனதுக்குள் பட்டை தீட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் கொல்லிமலை தெரியும். அதை ஆண்ட வல்வில் ஓரி, ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியவன் என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். அந்த அம்பின் பாதையில் ஆறாவதாக நம் ஆடு வந்து நிற்க, ஓரி அம்பை விடாமல் வில்லைத் தாழ்த்துகிறான். ஆகா! வீரமும் கருணையும் ஒரே வாக்கியத்தில். எழுவாய் எங்கே, பயனிலை எங்கே, எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது என்று எல்லாம் முடிவு செய்து வைத்திருந்தேன்.

உடைந்த விரலி இரண்டு துண்டாக என் கைக்கு வந்தது. எழுந்து நின்றேன். மற்றவர்கள் உட்கார்ந்துதான் சொன்னார்கள்.

“அப்புறம், கொல்லிமலைச் சாரலில் வேட்டையாடிக்கொண்டிருந்த வல்வில் ஓரி, தன் எதிரே வந்து நின்ற அந்த ஆட்டைக் கண்டு, வளைத்த வில்லைத் தாழ்த்தினான்!”

கைதட்டலுக்காக ஒரு நொடி காத்தேன்.

“கெணத்துக்குள்ளயா?” என்றார் லாரிக்காரர்.

கூடமே சிரித்தது. எனக்கு முந்தைய நான்கு பேரும் அந்தக் கிணற்றில்தான் பாடுபட்டிருக்கிறார்கள். ஒருவர் கிணற்றில் தண்ணீர் இல்லாததால் ஆடு பிழைத்தது என்றார். இன்னொருவர் கயிறு கேட்டார். கயிறு குரங்கிடம் இருக்கிறது என்று மூன்றாமவர் ஞாபகப்படுத்தினார். நான்காமவர் ராசிபுரத்துத் தீயணைப்பு வண்டிக்குப் போன் போட்டிருக்கிறார். எதுவும் என் காதில் விழவில்லை. பள்ளியில் மூன்று தலைமுறைப் பிள்ளைகளைப் பார்த்து “பாடத்தைக் கவனிடா” என்று கத்தியவன் நான்.

வெட்கத்தோடு உட்கார்ந்தபோது இரட்டைப்புலவர் ஞாபகம் வந்தது. இளஞ்சூரியர், முதுசூரியர். உறவுக்காரர்கள். ஒருவருக்குக் கண் தெரியாது, இன்னொருவருக்குக் கால் நடக்காது. கண் தெரியாதவர் தோளில் கால் நடக்காதவர் உட்கார்ந்து வழி சொல்ல, இருவரும் ஊர் ஊராகப் போய்ப் பாடினார்கள். ஒரு வெண்பாவில் முன்னிரண்டு அடியை ஒருவர் பாடுவார், பின்னிரண்டை மற்றவர் முடிப்பார். ஆளுக்குப் பாதி வெண்பா என்றால் ஓர் அசை தப்பாமல் காது கொடுத்தாக வேண்டும். முன்னவர் விட்ட எதுகையைப் பின்னவர் பிடிக்காவிட்டால் பாட்டு தரையில் விழும். திருவாமாத்தூருக்குக் கலம்பகம் பாடியபோது, கோயில் ஆற்றுக்கு எந்தக் கரையில் இருக்கிறது என்பதை மாற்றிப் பாடிவிட்டார்களாம். உள்ளூர்ப் புலவர்கள் தப்பென்று ஆட்சேபிக்க, அன்றிரவு வெள்ளம் வந்து ஆறே பாட்டுக்கு ஏற்ற மாதிரி இடம் மாறிக்கொண்டதாகக் கதை. முன்னவர் சொன்னதை மறுக்கக் கூடாது என்ற விதியை ஆறு கடைப்பிடித்திருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு வரப்பு அதைச் செய்யவில்லை.

இன்னொன்றும் தோன்றியது. இந்த ஊர்ப் பேரை உலகத்துக்குச் சொன்னது மஞ்சள் மட்டுமல்ல, நாதஸ்வரமும்தான். நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் 2001-இல் மறைந்தார். அவர் வாசித்து வைத்த இசை இன்றும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கிகளில் காலையில் முதலில் எழுந்துகொள்கிறது. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் அந்தக் காலத்தில் ஒத்துக்காரர் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். ராகம் கிடையாது, கற்பனை கிடையாது, ஒரே சுருதியைக் கச்சேரி முடியும் வரை விடாமல் ஊதவேண்டும். இப்போது அவர் வேலையைச் சுருதிப்பெட்டி பார்க்கிறது. “ஒத்து ஊதுகிறான்” என்பதை நாம் வசவாக்கிவிட்டோம். ஆனால் ஒத்து இல்லாத நாதஸ்வரத்துக்கு நிற்க இடமில்லை. எங்கள் வட்டத்தில் இருபத்தொரு நாதஸ்வரம் இருந்தது. ஒத்து யாரென்று பார்த்தேன். ஒரே ஓர் ஆள்தான். முதலிலிருந்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் “உம்… உம்…” என்று கொட்டிக்கொண்டே இருந்த ஆயா.

எனக்குப் பின்னால் வந்த ஏழு பேரும் எனக்குச் சளைத்தவர்கள் அல்ல. ஆட்டை விட்டுவிட்டு அவரவர் மனதில் தயாராக இருந்த முடிவைச் சொன்னார்கள். ஒருவர் அதைத் தேர்தலில் நிறுத்தினார். ஒருவர் மகளுக்குச் சீராகக் கொடுத்தார். ஒருவர், ஓரியையும் விட மனமில்லாமல், அவனுக்கு மஞ்சள் ஏலத்தில் தரகு வேலை வாங்கிக் கொடுத்தார். இங்கிலாந்தில் 1931-இல் துப்பறியும் எழுத்தாளர்கள் ஒரு டஜனுக்கும் மேலானவர்கள் ஒன்றுகூடி, ஆளுக்கு ஓர் அத்தியாயமாக ஒரு கொலைக் கதை எழுதினார்கள். அகதா கிறிஸ்டியும் அதில் உண்டு. எழுதுகிறவர் தன் மனதில் ஒரு கொலையாளியை முடிவு செய்துகொண்டுதான் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. பலர் நினைத்து வைத்திருந்த முடிவுகளும் புத்தகத்தின் பின்னால் அச்சாகியிருக்கின்றன. கடைசி அத்தியாயம் ஆண்டனி பெர்க்லியின் தலையில் விழுந்தது. அவர் அதற்கு வைத்த தலைப்பு ஏறக்குறைய ‘அலங்கோலத்தை ஒழுங்குபடுத்தல்’.

எங்கள் அலங்கோலம் ஆயாவின் மடியில் வந்து விழுந்தது. இரண்டு விரலித் துண்டுகளையும் வாங்கிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

“அந்த ஆடு அக்காளுங்க கடன்ல வாங்குனது. ஆறு தவணை பாக்கி. தழையைத் தின்னு மயங்கி எந்திரிச்சது. நாக்பூர் போயி ரொட்டி தின்னுட்டு வந்துச்சு. கழுத்துக் கயிறு மெட்டாலாக் குரங்குகிட்ட இருக்குது. கெணத்துல தண்ணி இல்ல, அதனால உசுரோட இருக்குது. நெருப்புவண்டி இன்னும் வந்து சேரல. வாத்தியாரு ஒரு ராசாவைக் கூட்டியாந்தாரு, அவரு சும்மா நிக்கறாரு. அப்புறம் நீங்க எல்லாரும் எங்கெங்கயோ போயிட்டீங்க.” சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். “அந்த ஆட்டை இன்னும் யாருமே தூக்கலையே?”

யாரும் பதில் பேசவில்லை.

“பங்குக் கெணறுன்னு சொன்னீங்க. அது விழுந்தன்னிக்கு யாரு மொறை?”

பெரிய பங்காளி சின்னவரைப் பார்த்தார். சின்னவர் பெரியவரைப் பார்த்தார். “திங்கக்கிழமையா இருந்தா உங்க மொறை” என்றார் ஒருவர். “ராத்திரி கரண்டு வந்திருந்தா அது உங்க கணக்கு” என்றார் மற்றவர். நேருக்கு நேராக, முழு வாக்கியத்தில், மேடம் கற்றுக்கொடுத்த ‘அப்புறம்’ ஒன்றுகூட இல்லாமல், அசல் ‘ஆனா’க்களோடு பேசிக்கொண்டார்கள். மேடம் பயந்துபோய் நடுவில் வரப் பார்த்தார். ஆயா கையைப் பிடித்து உட்காரவைத்தார். “விடு கண்ணு. சண்டை போடட்டும். பேசாம இருந்ததுக்கு இது தேவலை.”

அந்த நேரத்தில் சமையல்காரர் வந்து, இலை போட்டாயிற்று என்றார். எங்கள் ஊரில் அதற்கு மேல் எந்தக் கதையும் நிற்காது.

பந்தியில் ரசம் வந்தபோது பெரியவர் பக்கத்து இலையைப் பார்க்காமல், “ரசத்துல மஞ்சத்தூள் கடைத்தூளு” என்றார். “ஆமா” என்றார் பக்கத்து இலைக்காரர். அது சின்னவர்தான். அவர்கள் ராசியாகிவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். வரப்பு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. முன்பெல்லாம் மோட்டார் நிறுத்தியதைச் சொல்லிவிட ஒரு பையனை அனுப்புவார்கள். இப்போது வரப்பில் நின்று அவர்களே குரல் கொடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் நிறுவனத்துக்குப் பத்துக் கையெழுத்துக்கு மேலேயே சேர்ந்துவிட்டது. பதிவுக்குக் காகிதம் போயிருக்கிறது.

இந்த விளையாட்டை நீங்களும் எங்கேயாவது ஆட நேர்ந்தால், பதினாலாம் நாற்காலிக்காரன் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். உங்கள் வாக்கியத்தைத் தயார் செய்யாதீர்கள். முன்னால் இருப்பவர் ஆட்டை எங்கே விட்டார் என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

எங்கள் ஆடு இன்னும் கிணற்றில்தான் இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை ஏலத்தில் பார்த்தபோதுகூட ஆயா கேட்டார்.